வெள்ளெழுத்து கண்ட மணிகள்

மூன்று பக்கம் மலைகள் நிற்க, நாலாவது பக்கத்தை மனிதர்கள் சுவர் வைத்து அடைத்ததால் உண்டான நீலியணையின் வடகரையில், நாற்பது வீடுகளும் நாற்பது மூங்கில் கழிகளும் கொண்ட ஏரிமுனை என்றோர் ஊர் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து மீன் பிடித்ததே இல்லை. விடியலில் கரைக்கு வந்து, களியுருண்டையைத் தூண்டிலில் குத்தி, நைலான் நரம்பை வீசி, அதைக் கழியில் கட்டி, கழி நுனியில் ஒரு மணியைத் தொங்கவிட்டு, வீட்டுக்குத் திரும்பி அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். உலை வைப்பார்கள், புளிக்குக் கொட்டை எடுப்பார்கள், பிள்ளைக்குப் பேன் பார்ப்பார்கள், சண்டை போடுவார்கள். மீன் கடித்தால் மணி கூப்பிடும், போய் இழுத்துக்கொண்டு வருவார்கள்.

நாற்பது மணிக்கும் நாற்பது குரல். ஆட்டுக் கழுத்திலிருந்து வந்தது ஒன்று, குல்பி வண்டியிலிருந்து வந்தது ஒன்று, பசித்து வந்த கூத்தாடி ஒருவர் ஒரு வேளைச் சோற்றுக்கு விட்டுப்போன சலங்கை ஒன்று. ஒரு வீட்டு மணி இன்னொரு வீட்டுக் காதில் ஏறாது. பாவாயியின் மாமனார் காலத்து வெண்கல மணி, உருளிக்குள் கல் விழுந்தாற்போலக் கனத்த குரலில் அடித்தால் பாவாயி மட்டும் எழுந்து போவாள். அடுத்த வீட்டுத் தாயாரு முறத்திலிருந்து தலையைக்கூடத் தூக்க மாட்டாள். குழப்பம் வரக்கூடாது என்று மீனவர் சங்கத்தில் ஒரு சட்டம் இருந்தது: ஒரு கழிக்கு ஒரு குரல். இன்னொரு சட்டமும் இருந்தது, அதைச் சொல்லும்போது யாரும் சத்தமாகச் சொல்வதில்லை: மூன்று ஆடி பார்த்தும் மீன் பார்க்காத கழியை, பதினெட்டாம் பெருக்கன்று உச்சிப்பொழுதில் பிடுங்கி, அந்தத் துறையை வரிசையில் காத்திருக்கும் குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

மணிகள் முந்திக்கொள்ளத் தொடங்கியது ஒரு புரட்டாசியில். தாயாரு களி கிண்டிக்கொண்டிருந்தாள், மணி அடித்தது, துடுப்போடு ஓடினாள், நரம்பு தளர்ந்து கிடந்தது. "ஏ மணி, உனக்கென்ன கொள்ளை, மனுசியக் கூப்புட்டு வெச்சு வேடிக்கை பாக்கற?" என்று அவள் திட்டி முடித்து மூச்சு வாங்கிய பிறகு, அவள் கண்ணெதிரிலேயே, மணி அசையாமல் இருக்க, நரம்பு விறைத்தது. மீன் அப்போதுதான் கடித்தது.

இது நல்லதாகப் போயிற்று என்றே ஊர் நினைத்தது. சட்டியை இறக்கி வைக்க, கையைக் கழுவ, கொண்டையை முடிய நேரம் கிடைத்தது. அடுத்த மாதம் அந்த நேரம் அரைமணியாக நீண்டது, கார்த்திகையில் ஒரு நாளாக நீண்டது, யாரும் அதை அதிசயம் என்று சொல்லவில்லை. மழை முந்துவதில்லையா, மாம்பூ முந்துவதில்லையா, அதுபோல என்றார்கள். "நாளைக்கு மூணேகாலுக்கு மீன், நாலரைக்குச் சாப்பிட வந்துருங்க" என்று உறவுக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். மணி அடித்த தோரணையை வைத்து, தினம் கிழிக்கும் காலண்டரில், ராகுகாலத்துக்குக் கீழே, "கெண்டை, சுமார்" என்றும் "விரால், நல்லது" என்றும் எழுதி வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம், பெண்ணின் நிறத்தையும் படிப்பையும் சொன்ன கையோடு, வைகாசியில் வீட்டுக்கு வரவிருக்கும் கட்லாவையும் சொன்னார்கள். சாகக் கிடந்த கிழவர் ஒருவர், இன்னும் ஐந்து நாளில் தன் கழியில் ஓர் ஆரல் வரும் என்று மணி சொன்னதைக் கேட்டு, ஐந்து நாளும் இருந்து, அந்த ஆரலின் சாற்றை இரண்டு மடக்குக் குடித்து, மூன்றாவது மடக்கு வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் போனார். வருவது தெரிந்தால் மனிதர்கள் மரணத்தைக்கூட வாசலில் கொஞ்சம் உட்கார வைக்கிறார்கள்.

ஆனால் மணிகள் நிற்கவில்லை. ஒரு வாரம் முந்தின, ஒரு மாதம் முந்தின, காலண்டர் தீர்ந்து அடுத்த வருடத்துக் காலண்டர் அச்சாகுமுன் அதில் எழுத வேண்டியதாயிற்று, அதற்கப்புறம் எந்த வருடம் என்றே தெரியவில்லை. தொலைவில் இருக்கும் மீனுக்கெல்லாம் கணீரென்று அடித்த மணிகள், இன்றைக்கு, இப்போது, கண்ணெதிரில் கடிக்கும் மீனுக்கு வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டன. களியுருண்டைகள் தின்னப்பட்டன, தூண்டில்கள் வெறுமையாகத் திரும்பின. பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமுக்குப் போய், தூரத்து எழுத்தைப் படித்து, கிட்டத்து எழுத்தைப் படிக்க முடியாமல், கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி வாங்கிவந்த தாயாருதான் நோயைக் கண்டுபிடித்தாள்.

"மணிக்கு வெள்ளெழுத்து வந்துருச்சு" என்றாள். "வயசாயிட்டா தூரம் தெரியும், கிட்டக்கத் தெரியாது. எனக்காவது மூக்கு இருக்குது கண்ணாடி மாட்ட. அதுக எங்க போகும்?"

நாற்பதிலும் வயதான மணி பாவாயியுடையது. ஆகவே அதுதான் எல்லாவற்றையும்விட அதிக தூரம் முந்தியது. முதல் மார்கழியிலேயே, ஒரு நாள் விடியலில், கோலப்பொடி கையில் இருக்கும்போது அடிக்கத் தொடங்கிற்று. மற்ற மணிகள் ஒரு மீனுக்குப் பத்துப் பதினைந்து அடி அடிக்கும், அடங்கும். இது அடங்கவில்லை. கோலம் முடிந்தது, பழையது தின்று முடிந்தது, துணி துவைத்து முடிந்தது, மணி அடித்துக்கொண்டேயிருந்தது. வெயில் உச்சிக்கு வந்து நிழல் காலடியில் ஒடுங்கியபோதுதான் ஓய்ந்தது. அன்றைக்கு முதல்முறையாக இன்னொருவர் மணியை ஊரே காதில் வாங்கிற்று. அதன்பின் அந்த மணி வாய் திறக்கவேயில்லை.

பாவாயியின் கணவன் கிட்டான், பரிசல் தள்ளுபவன், அன்று மாலையே கரித்துண்டை எடுத்தான். பத்து அடி அடித்தால் ஒரு முழ மீன் என்று கணக்கு வைத்து, வீட்டுச் சுவரில் ஒரு மீனை வரைய ஆரம்பித்தான். தலை அடுப்படியில் தொடங்கியது. முதுகு சாமிபடத்துக்குக் கீழே போயிற்று. வால் வருவதற்குள் சுவர் தீர்ந்துபோனது.

"சுவரு பத்தாது பாவாயி" என்றான், சுவரின் மேல் கோபத்தோடு.

அந்த நாளிலிருந்து அவன் அந்த மீனுக்காக வாழ்ந்தான். மூன்று நரம்புகளை ஒன்றாக முறுக்கி மெழுகு தேய்த்தான். கொல்லரிடம் போய்க் கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கொலுசைப் போல ஒரு தூண்டில் அடித்துவந்தான். பெரிய மீனுக்குக் காட்டப்போகும் மரியாதைபோல தினமும் அதைத் துடைத்தான். முதல் ஆடி போயிற்று. இரண்டாவது ஆடி போயிற்று. மூன்றாவது ஆடி கிட்டத்தில் வந்துவிட்டது. அவர்கள் துறையோ ஊரிலேயே நல்ல துறை, கரை விளிம்பிலிருந்து தண்ணீர் நேராகக் கீழே இறங்கும் ஆழத்துறை. அது போனால், பரிசல் தள்ளுவதைத் தவிர இருவருக்கும் தெரிந்த ஒரே வேலை போய்விடும், திருப்பூருக்குப் போய் யாரோ ஒருவருடைய பனியனில் பிசிர் வெட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

அந்தச் சித்திரையில் சங்கத் தலைவர் வீராசாமி கோயம்புத்தூரிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கருவிகளைக் கொண்டுவந்தார். சோப்பு டப்பா அளவில் கறுப்புப் பெட்டி, உள்ளே பேட்டரி, நரம்பை அதன் பள்ளத்தில் பதித்துவிட்டால், மீன் கடித்த அந்த நொடியில் சிவப்பு விளக்கு எரியும், கீ கீ கீ என்று கத்தும். பெட்டி வாங்குபவர்கள் மணியைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட வேண்டும், ஏனென்றால் ஒரு கழிக்கு ஒரு குரல்.

ஊர் ஒரு வாரம் தூங்கவில்லை. மணியை இறக்கினால் அது வாக்குக் கொடுத்த மீன்கள் வருமா, வராதா? வராது என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். வாக்குக் கொடுத்தவரை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டு, வாக்கை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? இருந்தாலும் பசி இன்றைக்கு இருந்தது, மீன் என்றைக்கோ இருந்தது. ஒவ்வொருவராக மணியைக் கொண்டுவந்து வீராசாமியின் சாக்கில் போட்டார்கள். தாயாரு தனக்கு வரவிருந்த ஏழு கட்லாவையும் இரண்டு விராலையும் பெயர் சொல்லி அழுது, தலை முழுகிவிட்டுப் போய்ப் பெட்டி வாங்கினாள். முப்பத்தொன்பது மணிகள் சாக்குக்குள் போயின. பாவாயி போகவில்லை.

பிறகுதான் ஊர் தான் செய்த தவறைக் கண்டது. எல்லாப் பெட்டியும் ஒரே குரல். கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர்களுக்கு அதனால் கேடில்லை. அடுப்படியிலிருந்து காதால் மீன் பிடிக்கிற ஊருக்கோ கெட்டுப்போக அது போதும். ஒரு பெட்டி கத்தினால் முப்பத்தொன்பது வீடும் ஓடிற்று. பாதி மழித்த கன்னத்தோடு ஓடினார்கள், பாதி சுற்றிய சேலையோடு ஓடினார்கள், ஒரு புது மாப்பிள்ளை வாயில் இட்லியோடு ஓடினான். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒருவர் கழியில் விளக்கு எரியும், அதிலும் பாதி நாள் நண்டு. ஒரு நாளைக்கு நாற்பது முறை ஓடி, ஊரே இளைத்தது, ஊரில் ஒரு சோறும் அடிப்பிடிக்காமல் வேகவில்லை. ஆனால் மீன் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். சின்னச் சின்ன மீன்கள், இன்றைக்குரியவை.

ஆடி பிறந்து ஒன்பதாம் நாள் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். பதினெட்டு கழிந்ததும் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று எல்லோரும் ஒரே மனதாகக் கத்தினார்கள். கிட்டான் பாவாயியின் காதோரம் சொன்னான்:

"நல்லவேளை, நாம வாங்கல. மணிய எறக்கிருந்தா அந்த மீனு நம்மள மறந்துருக்கும்."

இரண்டரை வருடமாகப் பாவாயி தன் கணவன் தூண்டில் துடைப்பதைப் பார்த்திருக்கிறாள். மீன் வரும் என்பதில் அவளுக்கும் சந்தேகமில்லை. ஆனால் வரும்போது யார் அவளைக் கூப்பிடுவார்கள்? மணிக்கோ கிட்டக்கத் தெரியாது. மீன் வந்து, களியைத் தின்று, தூண்டிலைத் துப்பிவிட்டு, நேற்றே வந்துபோயிருந்தால்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. மணியை இறக்கினால் மீன் வராமல் போகலாம். இறக்காவிட்டால் வந்தது தெரியாமல் போகலாம். துறை இரண்டிலும் போகும். இந்த இரண்டையும் கையிலே வைத்து எடை பார்த்துக்கொண்டே எத்தனையோ இரவுகள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தவள், கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேனுங்க. கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து குடுத்தவன் ஊரை விட்டுப் போயிட்டா, கல்யாணம் நின்னுருமுங்களா?"

வீராசாமி யோசித்தார். "எப்பிடிம்மா நிக்கும்?"

"அப்ப, என்ற மணி சொல்ல வேண்டியதச் சொல்லிருச்சு. நானும் கேட்டுக்கிட்டேன். இனி அது கழியில இருந்தா என்ன, உங்க சாக்குல இருந்தா என்ன? நாளுதான் தெரியல. நாளச் சொல்ல எனக்கொரு பெட்டி குடுங்க."

கூட்டம் சிரித்தது. தாயாரு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"ஏ புள்ள, எல்லாரும் எறங்கற பஸ்ஸுல நீ ஏறற."

"உக்கார எடம் கிடைக்குமுல்லக்கா."

கிட்டான் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டான். அன்று அவள் மணியைக் கழற்றும்போது அவன் கரைக்கு வரவில்லை, பரிசலைத் தள்ளிக்கொண்டு அக்கரைக்குப் போய் இருட்டும்வரை இருந்தான். திரும்பி வந்து, சுவரிலிருந்த மீனுக்கு முதுகைக் காட்டிப் படுத்தான். "வராட்டி உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றான் இருட்டில். அவன் திட்டியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

எட்டு நாட்கள் போயின. பாவாயியின் பெட்டி காற்றுக்குக் கத்தியது, நண்டுக்குக் கத்தியது, ஒருமுறை மிதந்துவந்த தென்னைமட்டைக்குக் கத்தியது; ஒவ்வொரு முறையும் நாற்பது வீடும் ஓடிவந்து, இவளுடையதுதானா என்று முனகிக்கொண்டு திரும்பிற்று. விரலளவு கெண்டைக்குஞ்சுகூட அந்தத் துறையில் ஏறவில்லை.

பதினெட்டாம் பெருக்கு விடிந்தது. பெண்கள் மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் எடுத்து வைத்தார்கள், எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் கிளறத் தொடங்கினார்கள். வீராசாமி கடப்பாரையைக் கழுவி வாசலில் சாய்த்து வைத்தார். உச்சிக்கு ஆழத்துறைக் கழியைப் பிடுங்க வேண்டியது அவர்தான். அவருக்கும் இரவெல்லாம் தூக்கமில்லை.

பாவாயி கோலப்பொடியைக் கையில் எடுத்தாள். பெட்டி கத்திற்று.

நாற்பது வீடும் ஓடிற்று. கரண்டியோடு, ஈரத்தலையோடு, திட்டிக்கொண்டு, நல்ல நாளும் அதுவுமாய் இந்தச் சனியன் என்று சபித்துக்கொண்டு ஓடி, அவரவர் கழியைப் பார்த்தார்கள். முப்பத்தொன்பது பெட்டியிலும் விளக்கில்லை. ஆழத்துறையில் சிவப்பாக ஒன்று எரிந்தது, அணையவேயில்லை. கழி வில்லாக வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது, பாவாயி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குதிகாலால் சேற்றை உழுதபடி, ஓரோர் அங்குலமாக ஏரிக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

கிட்டான் அவள் இடுப்பைப் பிடித்தான். கழி முறிந்தது. முறுக்கிய நரம்பை இருவரும் பிடித்தார்கள், இருவரும் வழுக்கினார்கள்.

"பாத்துக்கிட்டு நிக்கறீங்களே, பொணமா நீங்க?" என்று கத்திக்கொண்டு தாயாரு கிட்டானைப் பிடித்தாள். அவளை அவள் மருமகள் பிடித்தாள், மருமகளைப் புது மாப்பிள்ளை பிடித்தான், அவனை அடுத்த வீடு பிடித்தது, அடுத்த வீட்டை அதற்கடுத்த வீடு பிடித்தது. கடப்பாரையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்த வீராசாமியைப் பார்த்துத் தாயாரு சொன்னாள்: "தலைவரே, புடுங்க வந்த கைய இப்பிடிக் கொஞ்சம் குடுங்க." அவர் கடப்பாரையைச் சேற்றில் எறிந்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

மணியாக இருந்திருந்தால் அது பாவாயியின் காதுக்கு மட்டும் கேட்டிருக்கும். பாவாயி மட்டும் வந்திருப்பாள். ஏரி அவளையும் வைத்துக்கொண்டு மூடியிருக்கும். பெட்டி எல்லோரையும் கூப்பிட்டிருந்தது. நாற்பது வீடும் ஒரே முதுகாக வளைந்து ஏலேலோ போட்டு இழுத்தது; மீன் இழுத்தபோது நாற்பது வீடும் தண்ணீரை நோக்கி நாலடி போயிற்று, வீடு இழுத்தபோது மீன் கரையை நோக்கி ஐந்தடி வந்தது, நாலுக்கு ஐந்து, நாலுக்கு ஐந்து என்று வெயில் ஏறிற்று, உள்ளங்கைகள் கிழிந்தன, வீட்டில் வைத்த சாதமெல்லாம் கரிந்து அந்தப் புகை மேகம்போல வந்து அவர்கள் தலைக்கு நிழல் போட்டது, பெட்டி ஒரு மூச்சும் விடாமல் கத்திக்கொண்டேயிருந்தது. அந்த மார்கழியில் மணி எவ்வளவு நேரம் அடித்தது என்று ஊரில் ஒருத்திக்கு மட்டும் நினைவிருந்தது. நிழல் காலடியில் ஒடுங்கும்வரை. "விட்டுறாதீங்க, உச்சி வரைக்குந்தான்" என்று பாவாயி கத்தினாள், "உச்சி வரைக்குந்தான்!"

உச்சியில் பெட்டி ஓய்ந்தது.

முதலில் முதுகு வந்தது, பாசி படிந்து, நத்தை ஒட்டி, யாரும் அறியாத ஒரு தீவைப்போல. பிறகு தலை வந்தது, கோயில் உண்டியலைப்போல மேல்நோக்கித் திறந்த கட்லா வாயோடு. சோற்றுத்தட்டுச் செதில்களில் ஆடி வெயில் பட்டு மலையடிவாரம்வரை வெளிச்சம் ஓடிற்று. தலை கரையேறி, உடல் கரையேறி, புளியமரத்தைத் தாண்டிப்போன பிறகும் வால் இன்னும் தண்ணீரில்தான் இருந்தது. பிறகு ஒரு குலவை கிளம்பிற்று, நாற்பது வீட்டுப் பெண்களும் எடுத்துக்கொண்டார்கள், மலைகள் மூன்றும் வாங்கித் திருப்பிக் கொடுத்தன.

கிட்டான் மீனின் பக்கத்தில் நீட்டிப் படுத்து, எழுந்து, மறுபடி படுத்து, தன் உடம்பாலேயே அதை அளந்துகொண்டு போனான். ஏழாவது முறை படுத்தவன் எழவில்லை. அங்கேயே கிடந்து அழுதான்.

"சுவரு பத்தாதுன்னு நான்தான் அன்னிக்கே சொன்னனே" என்றான்.

"சொன்னீங்க, சொன்னீங்க" என்றாள் பாவாயி, கையிலிருந்து வழிந்த ரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டே. "எந்திரிங்க. ஊரே பசியா நிக்குது."

அன்று ஏரிமுனையில் யாரும் சித்திரான்னம் தின்னவில்லை. நாற்பது வீட்டுச் சட்டியும் போதாமல், பரிசல்களைக் கழுவித் துடைத்து அவற்றில் வறுவலை அள்ளிப் போட்டார்கள். அக்கரை ஊர்களிலிருந்து ஆட்கள் வாசனையைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். பெட்டிகளைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. தாயாரு மட்டும், தலை முழுகிய தன் ஏழு கட்லாவும் இரண்டு விராலும் இனி வந்தால் அது முறையா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். முறைதான் என்று எல்லோரும் சொன்னதும், இன்னொரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் வீராசாமி மூங்கில் புதரிலிருந்து ஒரு புதுக் கழியை வெட்டிக்கொண்டு ஆழத்துறைக்கு வந்தார். பழைய கழி முறிந்துபோயிற்று. புதுக் கழி நடும்போது காய்ச்சிய கம்பியால் துறைக்காரரின் பெயரை அதில் சுட வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். கம்பி அடுப்பில் சிவந்து கிடந்தது.

"கிட்டா, அப்பன் பேரையே போட்டுரட்டுமா, இல்ல உன்ற பேரா?"

கிட்டான் மனைவியைப் பார்த்தான். அவள் மஞ்சள் பற்றுப் போட்ட உள்ளங்கைகளோடு, விரல் நுனிகளால் மட்டும், அடுத்த நாளைக்கான களியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கழியப் புடிச்சது யாருங்கண்ணா?" என்றான். "அவ பேரப் போடுங்க."

வடகரையின் நாற்பது கழிகளிலும் அதுவரை ஒரு பெண்ணின் பெயர் இருந்ததில்லை. வீராசாமி குனிந்து, கம்பியை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணாமல், மூன்று எழுத்துகளைச் சுட்டார். பச்சை மூங்கில் சீறிப் புகைந்தது. பாவாயி எழுந்துவந்து, மண்ணைத் தோண்ட அவர்களை விடாமல், தன் கையாலேயே குழி தோண்டி, முழங்கை ஆழத்துக்குக் கழியை நட்டு, ஏறி நின்று மண்ணை மிதித்தாள்.